மாதவிலக்கு தள்ளிப் போனால் மறைக்காதீர்கள்



“மூணு மாசமா தீட்டு வரலீங்க ஐயா. வெயில் படாம பனியிலேயே நிக்கிறதாலயா? வைட்டமின் டி மாத்திரை போட்டா சரியாயிடுமா?” கொழுந்து பறிக்கும் ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் கேட்டதே நல்லது. பலர் வெட்கப்பட்டு மறைத்து விடுகிறார்கள்.

முதலில் கர்ப்பமா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் சினைப்பைக் கோளாறாக இருக்கலாம். சிக்காகோ டாக்டர்கள் ஸ்டெய்ன், லெவந்தால் இருவரும் 1935-ல் இதை விளக்கி எழுதினார்கள். பி.சி.ஓ.எஸ். என்பார்கள். ‘நீர்க்கட்டி’ என்று சொன்னாலும் இது புற்றுக்கட்டி அல்ல. முதிராமல் நின்றுபோன சிறு முட்டைப் பைகள். முகத்தில் முடி, பருக்கள் வருவதும் உண்டு. இது செய்வினை அல்ல, யார் குற்றமும் அல்ல.

இதற்கும் இனிப்புநீருக்கும் என்ன சம்பந்தம்? பெரட்டில் கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் கங்காணி இன்னும் பலமாகக் கத்துவார் அல்லவா? அதுபோல, இன்சுலின் சொல்லை உடம்பு கேட்காதபோது கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அது சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. முட்டை முதிர்வது தடைப்படுகிறது.

வெயில் பட்டால் நம் தோல் வைட்டமின் டி தயாரிக்கும். கோலாலம்பூர், ஜாக்கர்த்தா பெண்களிடம் செய்த ஆய்வு ஒன்று 2008-ல் வெளிவந்தது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது குறைவு. வெயில் ஊரிலேயே அப்படி! நாமோ மேகம் மூடிய மலையில், தலையும் கையும் மூடி வேலை செய்கிறோம். இந்தச் சத்து குறைந்தவர்களிடம் இன்சுலின் கோளாறும் அதிகம் காணப்படுகிறது. ஆனால் மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை. குறை இருந்தால் நிரப்பலாம். அது மட்டுமே வைத்தியமாகாது.

ஆகவே,

1. மூன்று மாதம் தள்ளிப்போனால் கிளினிக்குக்கோ தானா ராத்தா அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ போங்கள். வருடக்கணக்கில் விட்டால் கருப்பையின் உள்தோல் தடித்துப் புற்றுநோய்க்கும் இடம் கொடுக்கும்.

2. இரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள்.

3. தேத்தண்ணியில் சீனி, கெட்டிப்பாலைக் குறையுங்கள். சோற்றைக் குறைத்துக் கீரை, பருப்பு, முட்டை, சாடின் மீனைக் கூட்டுங்கள். வீட்டில் இருப்பவர்கள் தினம் அரை மணி நேரம் நடங்கள்.

4. வைட்டமின் டி மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில் மட்டும் சாப்பிடுங்கள். மிஞ்சினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகம் கெடும்.

என்னிடம் கேட்ட அந்தப் பெண்ணைப் பரிசோதித்தபோது சர்க்கரை ஏறியிருந்தது. வாய் திறக்காமல் இருந்திருந்தால் தெரிந்தே இருக்காது. இந்தக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோர் வைத்தியம் பார்த்துப் பிள்ளை பெறுகிறார்கள். தாய்மார்களே, உங்கள் பெண்ணிடம் இன்றே கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள்.