சாவி கொடுக்கும் முன்பே

செந்தூலில் வாடகைக்கு விடலாமென்று கொண்டோ வாங்குபவர், விலையைப் பற்றி மாதக்கணக்கில் யோசிப்பார். வாடகைக்காரரை ஒரே மாலையில் முடிவு செய்துவிடுவார். யோசிக்க வேண்டியது பின்னதைத்தான். எல்ஆர்டியும் கொம்யூட்டரும் ஏற்கெனவே உண்டு. 2023 மார்ச்சில் செந்தூல் பாராட் எம்ஆர்டி நிலையமும் திறந்தாயிற்று. ஆள் கிடைப்பது பெரிய பாடில்லை. மாத வாடகை 1,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் அந்த 1,500 வெள்ளி போகும், பராமரிப்புக் கட்டணமும் கைக்காசில் போகும். நட்டம் அதோடு நிற்கும். பணம் கட்டாதவர் உள்ளே இருந்துவிட்டால், அது எப்போது முடியும் என்பது உங்கள் கையில் இல்லை. வாடகைக் காலம் முடிந்தபின்னும் வெளியேறாதவரை நீதிமன்றம் வழியாக மட்டுமே வெளியேற்றலாம் என்கிறது 1950ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 7(2)ஆம் பிரிவு. ஆகவே வீட்டுக்காரரின் பலமெல்லாம் சாவியைக் கொடுக்கும்வரைதான்.

முதலில் மைகாட் நகலையும் சம்பளச் சீட்டையும் கேளுங்கள். முந்தைய வீட்டுக்காரரிடம் போனில் பேசுங்கள். அடுத்து ஒப்பந்தம். இரண்டு மாத வாடகை டெபாசிட், தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதம், ஒரு மாத முன்வாடகை என்பது இங்கே வழக்கம். கையெழுத்தான 30 நாளுக்குள் முத்திரை வரி கட்ட வேண்டும். ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும், ஓராண்டுவரையிலான ஒப்பந்தத்துக்கு 1 வெள்ளி. அதற்கு மேல் மூன்றாண்டுவரை 3 வெள்ளி. நம் கணக்கில் ஓராண்டுக்கு 72 வெள்ளி, இரண்டாண்டு ஒப்பந்தத்துக்கு 216. முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கு 2025 ஜனவரியோடு போய்விட்டது. "தெரிந்தவர்தானே, எதற்குக் காகிதம்?" என்பார்கள். தெரிந்தவர் என்பதால்தான் வேண்டும்: பிணக்கு வந்தால் உறவு வாயை அடைக்கும், முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது.

பூட்டை மாற்றினால், மின்சாரத்தை வெட்டினால் தானே போய்விடுவார் என்று வாதிடுவோரும் உண்டு. அப்படிச் செய்தால் வழக்குப் போடும் உரிமை அவர் கைக்குப் போய்விடும், நியாயம் முழுவதும் உங்கள் பக்கம் இருந்தாலும். நோட்டீஸ் அனுப்புங்கள். 1951ஆம் ஆண்டு டிஸ்ட்ரெஸ் சட்டத்தின்கீழ் 12 மாதம்வரையிலான பாக்கிக்கு, வீட்டிலுள்ள பொருள்களைப் பறிமுதல் செய்ய நீதிமன்ற ஆணை கேட்கலாம். காலம் முடிந்தும் நகராதவரிடம் இரட்டை வாடகை கோர 1956ஆம் ஆண்டு சிவில் லா சட்டத்தில் இடமிருக்கிறது. இரண்டுக்கும் முதலில் கேட்கப்படுவது அந்த ஒப்பந்தம்தான்.

சாவி கொடுக்கும் அன்றே சுவர், குழாய், ஏர்கான், மீட்டர் எண் எல்லாவற்றையும் படமெடுத்து இருவரும் கையெழுத்திடுங்கள். டெபாசிட்டைத் திருப்பித் தரும்போது வரும் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். பராமரிப்புக் கட்டணத்தை வாடகைக்காரர் கட்டுவதாக எழுதினாலும், நிர்வாகம் பாக்கியை உங்களிடம்தான் கேட்கும். வாடகை வருமானத்தை வருமான வரிப் பாரத்தில் காட்ட வேண்டும். வீட்டுக்கடன் வட்டி, மதிப்பீட்டு வரி, தீக்காப்புறுதி, பழுதுபார்ப்புச் செலவு ஆகியவற்றைக் கழிக்கலாம். முதல் வாடகைக்காரரைப் பிடிக்க ஆன விளம்பர, ஒப்பந்தச் செலவைக் கழிக்க முடியாது என்பதால், அந்த ரசீதுகளைத் தனியே வையுங்கள்.