திரைப்பட வட்டுகள்: விலையையும் உரிமையையும் எடைபோடுதல்

அமெரிக்கச் சந்தையில் ஒரு புதிய திரைப்படம் 4கே வட்டாக வெளிவரும்போது அதன் விலை பெரும்பாலும் 30 டாலரை ஒட்டியே தொடங்குகிறது. எஃகு உறையில் வரும் சிறப்புப் பதிப்பாக இருந்தால் 40 டாலரைத் தாண்டுவதும் வழக்கமாகிவிட்டது. பேரங்காடிகளில் பெரிய தொட்டிகளில் 5 டாலர் டிவிடிகள் குவிந்து கிடந்த காலத்தைக் கண்டவர்களுக்கு இது எரிச்சலூட்டுவதில் வியப்பில்லை. அந்த எரிச்சலில் நியாயமும் இருக்கிறது. விலை ஏறிய அதே காலத்தில் உறைக்குள் இருக்கும் பொருள் குறைந்திருக்கிறது. முன்பு 4கே வட்டோடு சாதாரண புளூரே வட்டு ஒன்றும், இணையப் பிரதியைப் பெறுவதற்கான குறியீடும் சேர்ந்து வந்தன; இன்று பல வெளியீடுகளில் புளூரே வட்டு நீக்கப்பட்டு, இயக்குநரின் விளக்கவுரை போன்ற இணைப்புகளும் சுருங்கிவிட்டன. ஆயினும், விலைச்சீட்டை மட்டும் பார்த்து வாங்குவதா விடுவதா என்று தீர்மானிப்பது சரியாகாது. வட்டு, இணையவழிக் கொள்முதல், மாதச் சந்தா, வாடகை, நூலக இரவல் ஆகிய ஐந்தும் ஒரே படத்தைக் காட்டினாலும், அவை வாங்குபவருக்குத் தரும் உரிமைகள் ஒன்றுக்கொன்று வேறானவை. எந்தப் படத்துக்கு எந்த உரிமை வேண்டும் என்று முடிவு செய்த பிறகே விலையை எடைபோட முடியும்.

விலை ஏன் ஏறியது என்பதை முதலில் விளங்கிக்கொள்வது நல்லது. 1980களின் தொடக்கத்தில் ஒரு திரைப்பட வீடியோ கேசட்டின் விலை 80 டாலரை எட்டியிருந்தது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் முதல் விற்பனைக் கோட்பாடு என்று ஒன்று உண்டு. ஒரு பிரதியை முறையாக விலைகொடுத்து வாங்கியவருக்கு அதை விற்கவோ வாடகைக்கு விடவோ இரவல் கொடுக்கவோ பதிப்புரிமையாளரின் அனுமதி தேவையில்லை என்பதே அதன் பொருள். 1908இல் உச்ச நீதிமன்றம் ஒரு புத்தக வழக்கில் உறுதிசெய்த அந்தக் கோட்பாட்டின் பலத்தில் வாடகைக் கடைகள் பெருகின. வாடகையில் பங்கு கேட்க முடியாத படநிறுவனங்கள், கடைக்காரர் கொடுக்கக்கூடிய விலையையே கேசட்டுக்கு வைத்தன. 1982இல் 'ஸ்டார் டிரெக்' வரிசையின் இரண்டாம் படத்தைப் பாரமவுண்ட் ஏறத்தாழ 40 டாலருக்கு இறக்கியபோது, வீட்டில் வைத்துக்கொள்ளவே படம் வாங்கக்கூடியவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள் என்பது தெரியவந்தது. 1997இல் அமெரிக்காவுக்கு வந்த டிவிடி, தொடக்கத்திலிருந்தே வீடுகளை நம்பி விலையிடப்பட்டது. 2000களின் நடுப்பகுதியில் அந்நாட்டில் ஓராண்டு வட்டு விற்பனை ஏறத்தாழ 1,600 கோடி டாலரைத் தொட்டது. இந்தியாவிலும் 2007இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க முடிந்ததற்கு எண்ணிக்கைப் பெருக்கமே அடிப்படை.

அந்த எண்ணிக்கை இப்போது இல்லை. 2024இல் அமெரிக்க வட்டு விற்பனை 100 கோடி டாலருக்கும் கீழே இறங்கியது. ஒரு படத்தை வட்டாக்க ஆகும் செலவில் பெரும்பகுதி, ஆயிரம் பிரதிகள் அச்சிட்டாலும் பத்து லட்சம் அச்சிட்டாலும் மாறாதது. படச்சுருளை வருடி எடுப்பது, நிறத்தைச் சரிசெய்வது, வசனவரி சேர்ப்பது, வார்ப்பச்சு உருவாக்குவது எல்லாம் ஒரு முறை செய்ய வேண்டிய வேலைகள். பிரதிகள் குறையக் குறைய அந்தச் செலவு ஒவ்வொரு வட்டின் தலையிலும் கூடுதலாக விழுகிறது. விற்பனை வழிகளும் அடைபட்டு வருகின்றன. நெட்பிளிக்ஸ் தன் அஞ்சல்வழி டிவிடி சேவையை 2023 செப்டம்பர் 29இல் முடித்துக்கொண்டது. பெஸ்ட் பை கடைத்தொடர் 2024இல் திரைப்பட வட்டு விற்பனையைக் கைவிட்டது. அதே ஆண்டு ரெட்பாக்ஸ் வாடகை இயந்திரங்களை நடத்திய நிறுவனம் திவாலானது. போட்டியிட்டு விலை குறைக்கக் கடைகள் இல்லாத இடத்தில் வட்டு ஒரு சேகரிப்புப் பொருளாகவே விலையிடப்படுகிறது. ஆகவே பழைய பொது விலைநிலை திரும்பும் என்று எதிர்பார்ப்பதில் பயனில்லை. ஆனால் தனித்தனி வட்டுகளின் விலை இறங்கும் காலங்கள் உண்டு, அவற்றைப் பின்னர் காணலாம்.

வட்டுகளுக்குள் இன்று மூன்று வகைகள் கடைகளில் ஒன்றாக நிற்கின்றன. டிவிடியின் ஒரு சட்டகத்தில் ஏறத்தாழ 3.5 லட்சம் படப்புள்ளிகள் உள்ளன. 2006இல் வந்த புளூரேயில் அது 20 லட்சத்துக்கு மேல். 2016இல் வந்த 4கே அல்ட்ரா எச்டி புளூரேயில் ஏறத்தாழ 83 லட்சம். டிவிடியிலிருந்து புளூரேவுக்கு மாறும்போது தெரியும் வேறுபாடு எந்தக் கண்ணுக்கும் எளிதில் புலப்படும். புளூரேயிலிருந்து 4கேவுக்குப் போகும்போது படப்புள்ளிகளின் எண்ணிக்கையைவிட எச்டிஆர் என்னும் ஒளிவீச்சு விரிவே, அதாவது இருளுக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலுள்ள படிநிலைகளை அதிகமாகக் காட்டும் திறனே, பெரிய மாற்றத்தைத் தருகிறது. நடுத்தர அளவுத் தொலைக்காட்சியில், அறையின் மறுபக்கத்திலிருந்து பார்க்கும் குடும்பத்துக்குச் சாதாரண புளூரேயே பெரும்பாலான படங்களுக்குப் போதுமானது. அதன் விலையும் 4கே வட்டின் விலையில் பாதியாக இருப்பது உண்டு. இக்காலத்தில் விலைக்கேற்ற பலனை மிகுதியாகத் தருவது, கடைகள் அதிகம் பொருட்படுத்தாத இந்த நடுவகையே.

4கே வட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பது எப்போது தகும் என்பதை அட்டையிலுள்ள முத்திரை சொல்லாது. படம் எதில் எடுக்கப்பட்டது, எந்த நிலையில் முடிக்கப்பட்டது என்பதே சொல்லும். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுக்கப்பட்டு, மூல எதிர்ச்சுருளிலிருந்து புதிதாக வருடி எடுக்கப்பட்ட பழைய படங்களில் 4கே வட்டு உண்மையான நுணுக்கத்தைத் தருகிறது. மாறாக, 2000களிலும் அதற்குப் பின்னும் வந்த பல படங்கள், கணினியில் நிறமும் காட்சி உத்திகளும் சேர்க்கப்பட்டு 2கே எனப்படும் குறைந்த அளவில் முடிக்கப்பட்டவை. அவற்றின் 4கே வட்டில் இருப்பது பெரிதாக்கப்பட்ட பிம்பமே, எச்டிஆர் மட்டுமே அதில் கூடுதல் லாபம். 2002இல் வந்த '28 டேஸ் லேட்டர்' பெரும்பகுதி சாதாரணத் தர டிஜிட்டல் வீடியோ கேமராவில் எடுக்கப்பட்டது. அதற்கு எத்தனை உயர்ந்த வட்டு வாங்கினாலும் கேமரா பதியாத நுணுக்கம் வந்துவிடாது. மறுபுறம் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யை எடுத்துக்கொள்ளலாம். 1993இல் லண்டன் ஆய்வகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில், அதை முதலாகக் கொண்ட அப்பு முப்படங்களின் மூல எதிர்ச்சுருள்கள் கருகின. எரிந்து சுருங்கிய அந்தச் சுருள்களில் மீட்க முடிந்தவற்றை இத்தாலியின் பொலோன்யா நகரிலுள்ள மீட்டெடுப்புக்கூடத்தில் மறுநீரூட்டி, துளைகளைக் கையால் ஒட்டி, சட்டகம் சட்டகமாக வருடி எடுத்தார்கள். அந்த உழைப்பின் பலன் 2015இல் கிரைட்டீரியன் நிறுவனத்தின் புளூரேயாகவும், 2024இல் 4கே வட்டாகவும் வீடுகளுக்கு வந்தது. இத்தகைய வட்டின் விலையில் மீட்டெடுப்பின் கூலியும் அடங்கியிருப்பதால், அதையும் அவசரமாக வெளியிடப்பட்ட ஒரு புதுப்பட வட்டையும் ஒரே தராசில் நிறுத்துவது முறையன்று.

இணையவழிச் சேவைகள் வட்டைவிட மலிவு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நெட்பிளிக்ஸின் 4கே சந்தா 2025 ஜனவரியில் அமெரிக்காவில் மாதம் 24.99 டாலராக உயர்ந்தது. அந்த விலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 300 டாலர், அதாவது பத்துப் புதிய 4கே வட்டுகளின் விலை. வாரத்துக்குப் பல படங்கள் பார்க்கும் வீட்டுக்கு அது இன்னும் மலிவுதான். தெரிந்தெடுத்த சிலவற்றையே திரும்பத் திரும்பப் பார்க்கும் வீட்டுக்கு அன்று. தரத்திலும் வேறுபாடு உண்டு. 4கே ஒளிபரப்புக்கு நொடிக்கு 15 மெகாபிட் இணைப்பு வேண்டும் என்று நெட்பிளிக்ஸ் பரிந்துரைக்கிறது. 4கே வட்டு நொடிக்கு 128 மெகாபிட் வரை தர வல்லது. மூடுபனி, புகை, இருட்டறை போன்ற காட்சிகளில் கட்டம் கட்டமாகப் படம் உடைந்து தெரிவது இந்த வேறுபாட்டின் விளைவு. சந்தாவில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. 'வெஸ்ட்வேர்ல்ட்' தொடரை அதைத் தயாரித்த எச்பிஓவின் சொந்த இணையச் சேவையே 2022இல் நீக்கியது. டிஸ்னி தன் 'வில்லோ' தொடரை, வெளியிட்ட ஆறு மாதத்துக்குள், 2023இல் எடுத்துவிட்டது. முன்னது வட்டாக வந்திருந்ததால் விரும்பியவர் வாங்க முடிந்தது. பின்னது வட்டாக வெளிவராததால் அந்த வழி இல்லாமல் போனது.

சந்தாவுக்கும் வட்டுக்கும் நடுவே நிற்பது இணையவழிக் கொள்முதல். பொத்தானில் 'வாங்கு' என்று எழுதியிருந்தாலும், விற்கப்படுவது படத்தைப் பார்ப்பதற்கான உரிமம் மட்டுமே. அதை மறுவிற்பனை செய்யவோ பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லவோ இயலாது. 2023 டிசம்பரில் பிளேஸ்டேஷன் சேவையில் விலைகொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் பயனர் கணக்குகளிலிருந்து அகற்றப்படும் என்று அறிவிக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் அம்முடிவு கைவிடப்பட்டது. விற்பனை என்ற சொல்லைப் பயன்படுத்துவோர் அது உரிமம்தான் என்பதைத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அச்சட்டம் தகவலைத் தருகிறதே தவிர உரிமையைத் தருவதில்லை. ஆகவே 20 டாலர் கொடுத்து இணையப் பிரதி வாங்குவது, இந்த ஐந்து வழிகளிலும் மிகக் குறைந்த நியாயம் உடையது. ஐந்து டாலர் அளவுக்கு விலை குறையும்போது வாங்கினால் பாதகமில்லை. அப்போதும் மூவீஸ் எனிவேர் என்ற இணைப்புச் சேவைக்குள் வரும் படங்களையே தேர்வது நல்லது, ஏனெனில் அவை ஒரு கடையில் வாங்கினாலும் மற்றக் கடைகளின் கணக்கிலும் தெரியும். பாரமவுண்ட் படங்கள் அதில் இல்லை.

ஒரு முறை மட்டுமே பார்க்கப்போகும் படத்துக்கு வாடகையோ நூலகமோ போதும். அமெரிக்கப் பொது நூலகங்கள் முதல் விற்பனைக் கோட்பாட்டின் துணையால் வட்டுகளைக் கட்டணமின்றி இரவல் கொடுக்கின்றன. தன்னிடம் இல்லாததைப் பிற நூலகங்களிலிருந்து வரவழைத்துத் தருவதும் உண்டு.

பயன்படுத்திய வட்டுகளே விலையேற்றத்துக்கு மிக உறுதியான மாற்று. ஆனால் வாங்குமுன் பார்க்கத் தெரிய வேண்டும். வட்டை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்தால் கீறல்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பது தெரியும். மையத்திலிருந்து விளிம்பு நோக்கி ஓடும் மெல்லிய கீறலைப் பிழைதிருத்தும் முறை பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். வட்டத்தோடு வட்டமாக ஓடும் கீறல் தகவல் தடத்தையே தொடர்ந்து அழிப்பதால் குறுகியதாயினும் தவிர்க்கத்தக்கது. டிவிடியில் தகவல் அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளின் நடுவே 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ளது. புளூரேயில் மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருப்பதால் கடினப் பூச்சு ஒன்று அதைக் காக்கிறது. எனவே புளூரேயில் கீறல் அரிது, ஆனால் ஆழமாக விழுந்துவிட்டால் மெருகேற்றிச் சரிசெய்ய இடமில்லை. டிவிடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கும்போது பால்போன்ற மங்கலோ புள்ளிகளோ தெரிந்தால், ஒட்டுப்பசை கெட்டுத் தகவல் அடுக்கு அரிக்கப்படுகிறது என்று பொருள். அதை எந்த விலைக்கும் வாங்கக்கூடாது.

புதிதாகவே வாங்க விரும்புவோர் காலம் பார்த்து வாங்கலாம். பெரிய நிறுவனங்களின் வட்டுகள் வெளியான சில மாதங்களில் விலை இறங்குவது வழக்கம். முதல் வாரத்தில் வாங்குவதால் கிடைப்பது அவசரத்தின் திருப்தி மட்டுமே. கிரைட்டீரியன் வட்டுகளைப் பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தகக்கடை பல ஆண்டுகளாகக் கோடையிலும் நவம்பரிலும் பாதி விலைக்கு விற்று வருகிறது. ஆகவே 50 டாலர் என்று அச்சிடப்பட்ட 4கே தொகுப்பை 25 டாலர் பொருளாகவே கருதலாம். எஃகு உறைப் பதிப்புகளில் பெரும்பாலும் கூடுதலாக இருப்பது உறை மட்டுமே. விதிவிலக்கு ஒன்று உண்டு: சிறு பதிப்பகங்கள் படநிறுவனங்களிடமிருந்து குறிப்பிட்ட ஆண்டுகளுக்கே உரிமம் பெறுகின்றன, அது முடிந்ததும் வட்டு அச்சிடப்படுவது நின்று பழைய பிரதியின் விலை பன்மடங்காகும். அரிய படமாக இருந்தால் தள்ளுபடிக்காகக் காத்திருப்பது இழப்பில் முடியலாம்.

வட்டுக்கு முன் கருவியைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய நிலையும் வந்திருக்கிறது. ஒப்போ 2018இலும் சாம்சங் 2019இலும் எல்ஜி 2024இலும் 4கே வட்டுக் கருவிகளை நிறுத்தின. பானாசோனிக்கும் சோனியுமே முக்கியமாக எஞ்சியுள்ளன. 4கே கருவி டிவிடியையும் புளூரேயையும் சேர்த்து ஓட்டும் என்பதால், பழைய சேகரிப்பு உடையவரும் வட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை முதலில் இதற்குச் செலவிடுவது தகும். அமெரிக்காவில் வாங்கி ஊருக்கு அனுப்புவோர் மண்டலக் குறியீட்டையும் கவனிக்க வேண்டும். எந்த நாட்டுக் கருவியில் ஓடலாம் என்பதை வட்டிலேயே பூட்டிவைக்கும் ஏற்பாடு அது. டிவிடியில் அமெரிக்கா முதல் மண்டலம், இந்தியா ஐந்தாம் மண்டலம். புளூரேயில் அமெரிக்கா ஏ, இந்தியா சி. 4கே வட்டுக்கு மட்டும் இந்தப் பூட்டு இல்லை. எனவே 'பதேர் பாஞ்சாலி'யின் 4கே தொகுப்பைச் சென்னைக்கு அனுப்பினால் படம் ஓடும். நேர்காணல்களும் ஆவணப்படங்களும் அடங்கிய உடன்வரும் புளூரே, எல்லா மண்டலங்களையும் ஏற்கும் கருவி இருந்தால்தான் ஓடும்.