கொட்டியாரக் குடாவின் இரு கரைகளும் தூரத்து நட்சத்திரத் திரள்களும்

வானத்தின் மங்கலான நட்சத்திரத் திரள்களைக் கமராவிற் பிடிக்க ஆசைகொண்டு வருகிறவர்களுட் பெரும்பாலோர் முதலில் விசாரிப்பது தொலைநோக்கியின் விலையைத்தான். அவர்கள் முதலில் விசாரிக்கவேண்டியதோ, தமது ஊரிலிருந்து எந்தத் திசை இருட்டாயிருக்கிறது என்பதை. கேலக்சி என்று ஆங்கிலேயர் பெயரிட்ட இத்திரள்கள் சிறியவையாதலாற் கண்ணுக்குத் தப்புகின்றன என்று எண்ணுவது தவறு. ஆந்திரமேடாத் திரள் முழுநிலவின் விட்டத்தைப்போல ஆறு மடங்கு நீளமாய் வானத்திற் கிடந்தும், அதன் ஒளி அத்தனை பரப்பிலும் மெலிந்து பரவியிருப்பதால், நகரத்து மின்விளக்கின் தூசுபடிந்த பிரகாசத்துள் முற்றாக மறைந்துபோகிறது. ஆகவே உருப்பெருக்கம் இக்கலையில் இரண்டாம்பட்சம்; இருட்டான இடத்திலிருந்து சிறிது சிறிதாக ஒளியைச் சேர்த்து வைப்பதே பிரதான காரியம். 1888ஆம் ஆண்டில் ஐசக் றொபேட்ஸ் என்னும் கட்டடத் தொழிலதிபர், வானியலைப் பொழுதுபோக்காகக் கொண்டவர், இங்கிலாந்தில் 20 அங்குலத் தொலைநோக்கியும் கண்ணாடித் தகடும் கொண்டு ஆந்திரமேடாவின் சுருள் வடிவத்தை முதன்முதலாகப் படத்திற் காட்டினார். இன்று அவ்வடிவத்தை 80 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு சிறு தொலைநோக்கியைக்கொண்டு திருகோணமலைக் கரையிலிருந்தே எடுத்துவிடலாம்.

காலத்தை முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி பிறந்தது முதல் தை மாதம் வரை வடகீழ்ப் பருவமழை இம்மாவட்டத்தை நனைத்துக்கொண்டிருக்கும். அக்காலத்தில் உபகரணங்களைத் துடைத்து உறையிலிட்டு வைப்பதே உத்தமம். மாசியில் வானம் தெளியத் தொடங்குகிறது. சிம்மமும் கன்னியும் அவற்றின் தெற்கிலுள்ள செந்தாரசுக் கூட்டமும் இரவு வானத்தின் நடுவுக்கு ஏறிவருவதும் அப்போதே. பால்வெளியின் தூசு மறைக்காத திசை இதுவாகையால், தூரத்துத் திரள்கள் இங்கேதான் மிகுதியாகத் தென்படுகின்றன. மாரியும் இத்திசைத் திரள்களின் காலமும் ஒன்றன்மேலொன்று விழாமல் இப்படி ஒதுங்கிநிற்பது இக்கரையாருக்கு வாய்த்த பெரும் சௌகரியம். தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பையும் காலியையும் மேகத்தால் மூடும் வைகாசி, ஆனி மாதங்களிலும் கிழக்குக்கரை வறண்டே கிடக்கும். ஆனால் அப்போது வீசும் கச்சான் காற்று முக்காலியை அசைத்துப் புழுதியையும் கிளப்புமாகையால், பங்குனி, சித்திரை மாதங்களையே நான் சிபாரிசு செய்வேன். சித்திரையிற் பிற்பகல் இடிமழை பெய்து ஓய்ந்த இரவானால், காற்றிலிருந்த தூசு கழுவுண்டு வானம் பன்மடங்கு துலங்கும். மாதத்துள் அமாவாசையை ஒட்டிய பத்து நாட்களே வேலைக்கு உகந்தவை. அரசாங்கம் விடுமுறை தருகிற போயா தினமோ பூரணையில் வருவது, நம்போன்றவர்களைக் கேலிசெய்யவே ஏற்படுத்தியதுபோல் இருக்கிறது.

இனி ஸ்தானம். துறைமுகமும் நகரமும் சீனன்குடாவும் சேர்ந்து எழுப்பும் ஒளி ஒரு மங்கிய குடைபோல வானத்தின் ஒரு பாகத்தைக் கவிந்துகொள்கிறது. அக்குடை நமக்கு எப்பக்கத்தில் நிற்கிறது என்பதைக்கொண்டே அன்றைய இலக்கைத் தீர்மானிக்க வேண்டும். நிலாவெளியைக் கடந்து குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் போனால், நகரம் தெற்கே ஒதுங்கி, வடதிசை கடல்வரை இருட்டாய் விரியும். அங்கிருந்து ஆந்திரமேடாவையும், சப்தரிஷி மண்டலத்தின் வாலருகேயுள்ள சுழற்திரளையும், அருந்ததிக்கு அணித்தாய் இருக்கும் எம் 101 என்னும் திரளையும் எடுக்கலாம். கிண்ணியாப் பாலத்தைக் கடந்து கொட்டியாரக் குடாவின் மறுகரையிலுள்ள மூதூர், சம்பூர்ப் பக்கம் போனாலோ, துறைமுகத்து விளக்குகள் முதுகுக்குப் பின்னே போய்விட, வெருகல்வரை விளக்குக் குறைந்த தென்வானம் எதிரே நிற்கும். செந்தாரசுத் திரள், எம் 83 என்னும் திரள், மகெல்லன் முகில்கள் ஆகியவற்றுக்கு உரிய இடம் அதுவே. 2009இல் அப்பாலம் திறக்கப்படுவதற்கு முன் பாதைப்படகுக்குக் காத்துநின்று கடந்த வழியை இன்று இரவில் வாகனத்திற் கடக்க முடிகிறது.

இருட்டின் பெறுமதிக்கு ஒரு சரித்திர உதாரணம் சொல்லலாம். 1942 ஏப்ரல் 9ஆந் தேதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய அதே யுத்தத்தின்போது, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் விளக்கணைத்து இருட்டடிப்பில் இருந்தது. அவ்விருட்டைப் பயன்படுத்தி, மவுண்ட் வில்சன் வானாய்வுக்கூடத்தில் வால்டர் பாடே என்னும் ஜெர்மானியர் 100 அங்குலத் தொலைநோக்கியால் ஆந்திரமேடாவின் மையப்பகுதியைத் தனித்தனி நட்சத்திரங்களாகப் பிரித்துப் படமெடுத்தார். அதே தொலைநோக்கி அங்கே கால் நூற்றாண்டாக நின்றிருந்தும், விளக்குகள் அணைந்த பின்னரே அது கைகூடியது.

இடத்தைப் பகலிற் சென்று பார்த்து வைப்பது அவசியம். துறைமுகம் கடற்படைத் தளமாகவும் சீனன்குடா விமானப்படைத் தளமாகவும் இருப்பதால், நள்ளிரவிற் கடலை நோக்கிக் குழாய் பூட்டி நிற்பவனைக் காவலர் சந்தேகிப்பது இயல்பு. பொலிசாருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள், பச்சை லேசர்க் கதிரை ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். கந்தளாய், மொறவெவப் பக்கத்துக் காட்டோரங்கள் எவ்வளவு இருட்டாயினும் யானைக்குப் பயந்து அவற்றை விலக்கிவிடுவதே புத்தி. கடற்கரையிலும் அலைவிளிம்பில் நிற்கலாகாது. கடற்காற்றுக் கொணரும் உப்பு லென்ஸின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாய்ப் படிந்து, ஒவ்வொரு நட்சத்திரத்தையும் சுற்றி வெண்புகை வளையத்தை உண்டாக்கும். சில நூறு மீற்றர் உள்ளே, பனைகளின் மறைவில் நிற்பவருக்கு இத்தொல்லை குறைவு. படிந்த உப்பை உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடி கீறும். முதலில் சுத்தமான நீரால் ஈரமாக்கிய லென்ஸ் தாளால் ஒற்றியெடுத்து, உப்புக் கரைந்த பின்னரே துடைக்கவேண்டும்.

உபகரணங்களைப்பற்றி நீட்டவேண்டியதில்லை. லென்ஸ் மாற்றக்கூடிய எந்த டிஜிட்டல் கமராவும் போதும். ஆந்திரமேடாவுக்கு 200 மில்லிமீற்றர் லென்ஸும், செந்தாரசுக்கும் எம் 83க்கும் 400 முதல் 600 வரையுள்ள லென்ஸோ சிறு தொலைநோக்கியோ பொருந்தும். விட முடியாத பொருள், பூமியின் சுழற்சிக்கு ஈடுகட்டிக் கமராவை மெல்லத் திருப்பும் டிராக்கர் ஒன்றே. அது இல்லாவிடின் 500ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்த அளவு வினாடிக்குமேல் நட்சத்திரங்கள் கோடாகிவிடும். 200 மில்லிமீற்றர் லென்ஸுக்கு அது இரண்டரை வினாடிதான்.

டிராக்கரைத் துருவத்துக்கு நேராக நிறுத்துவதிலேதான் இவ்வூரார் மற்றெவரினும் கூடுதலாகச் சிரமப்படவேண்டியிருக்கிறது. ஐரோப்பியர் எழுதிய கைந்நூல்கள், துருவ நட்சத்திரம் வானத்தின் பாதி உயரத்தில் நிற்கிறதென்று வைத்துக்கொண்டே பேசுகின்றன; திருகோணமலையிலோ அது தொடுவானத்திலிருந்து எட்டரைப் பாகைதான் உயர்கிறது, அதாவது கையை முழுதும் நீட்டி மடக்கிய முட்டியின் அகலத்தினும் சற்றுக் குறைவு. சில தாங்கிகளின் சரிவுத் திருகாணி அத்தனை தாழ்வுக்கு இறங்குவதேயில்லை. இறங்கினாலும், ஏறக்குறையக் கிடையாய்ப் படுத்துவிட்ட அச்சின் வடமுனையில் தொங்கும் எதிரெடை முக்காலியின் காலில் மோதும். வாங்குவதற்கு முன்னரே இவ்விரண்டையும் கடையிற் சோதியுங்கள். வாங்கிய பின், முற்றத்தில் பகலிலேயே பூட்டி, எதிரெடையை ஒரு முழுச்சுற்றுச் சுழற்றிப் பாருங்கள். முக்காலியின் ஒரு காலைத் தெற்கே வைத்து, வடக்கே இரு கால்களுக்கிடையில் எடை தொங்கும்படி அமைத்தால் பெரும்பாலும் தப்பலாம். தாங்கிக்கும் முக்காலிக்கும் இடையே ஒரு குறுந்தூணைச் செருகுவதும் உண்டு. துருவ நட்சத்திரம் மெய்யான துருவத்திலிருந்து முக்காற் பாகைக்குச் சற்றுக் குறைவாக விலகி அதைச் சுற்றிவருவதால், அவ்வேளையில் அது எந்தப் பக்கத்தில் நிற்கிறதென்பதைக் கைத்தொலைபேசிச் செயலியாற் கண்டு, டிராக்கரிலுள்ள துருவக்குழாயின் வட்டத்தில் அவ்விடத்தில் வைக்கவேண்டும்.

கடலின்மேற் படியும் நீராவி பல இரவுகளில் துருவ நட்சத்திரத்தை விழுங்கிவிடும். அப்போது நகர்வு முறையைக் கையாளுங்கள். உச்சிக்கு அருகே, நடுவரையில், வான மத்தியரேகைக்கு அணித்தான ஒரு நட்சத்திரத்தை உருப்பெருக்கி நிறுத்திச் சில நிமிடம் பொறுத்திருங்கள். அது தெற்கே வழுகினால் அச்சு கிழக்கே மிகுந்திருக்கிறது, வடக்கே வழுகினால் மேற்கே மிகுந்திருக்கிறது. பிறகு கீழ்வானத்து நட்சத்திரமொன்றைப் பாருங்கள். தெற்கே வழுகினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே வழுகினால் உயர்ந்திருக்கிறது. வழுகல் நிற்கும்வரை திருகாணிகளை மாறிமாறித் திருகினால், துருவத்தைக் காணாமலே காரியம் முடியும்.

குவியம் சரிசெய்வதற்குச் சித்திரை நட்சத்திரம் போன்ற ஒளிமிக்க ஒன்றைக் கமராத் திரையிற் பத்து மடங்கு பெருக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, பின்னர் வளையத்தை நாடாவால் ஒட்டிவிடவேண்டும். நள்ளிரவுக்குமேல் பனி லென்ஸை மூடுமாகையால், பவர் பேங்கில் இயங்கும் வெப்பப் பட்டியை முதலிலேயே சுற்றிவிடுங்கள்; டோர்ச் லைட்டுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுங்கள்.

சித்திரை மாதத்து அமாவாசையை முதல் முயற்சிக்கு வைத்துக்கொள்வோமானால், சம்பூர்ப் பக்கத்திலிருந்து, திரிசங்குக்குக் கிழக்கிலும் மேலிலும், வெறுங்கண்ணுக்கு மங்கிய நட்சத்திரம்போலத் தெரியும் ஒமேகா செந்தாரசைத் தேடுங்கள். அதிலிருந்து நாலரைப் பாகை வடக்கே செந்தாரசுத் திரள் இருக்கிறது. ஜேம்ஸ் டன்லப் 1826இல் அவுஸ்திரேலியாவிலிருந்து கண்டுபிடித்த இத்திரள் லண்டனில் ஒருகாலும் உதிப்பதில்லை. இங்கே நள்ளிரவையொட்டி 38 பாகை உயரத்தில் நிற்கிறது. ஐஎஸ்ஓ 800 அல்லது 1600, துவாரம் எஃப் 4, வெளிப்பாடு 60 வினாடி என்று வைத்து, ரோ வடிவத்தில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஒளிவரைபடத்தின் மேடு இடச்சுவரை விட்டுக் காற்பங்கு நகர்ந்திருந்தால் வெளிப்பாடு சரி. ஒட்டிக்கிடந்தால் நேரத்தைக் கூட்டுங்கள், நடுவைத் தாண்டினால் குறையுங்கள். அந்த ஒற்றைப் படத்தில் தெரிவது, நடுவே கருங்கோடு ஒன்று ஓடும் சாம்பல் நிறக் கறை மாத்திரமே. அதைக்கண்டு சலித்துத் திரும்புகிறவர்கள் பலர். சமிக்ஞை இரைச்சலை விஞ்சும் அளவு படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தாற் பெருகுவதால், 16 படங்கள் நான்கு மடங்கும் 100 படங்கள் பத்து மடங்கும் தெளிவு தரும். ஆகவே குறைந்தது இரண்டு மணிநேர ஒளியையாவது சேருங்கள். சில படங்களுக்கு ஒருமுறை கமராவை அணுவளவு பெயர்த்துவைத்தால், சென்சரின் நிலையான குறைகள் ஒரே இடத்தில் விழாமற் பரவிக் கரைந்துபோகும்.

வெப்பநாட்டாருக்கு இன்னொரு கடமை உண்டு. சென்சரின் வெப்ப இரைச்சல் ஏறத்தாழ 6 பாகை செல்சியசுக்கு இரு மடங்காகிறது. ஆகையால், 2 பாகைக் குளிரில் வேலைசெய்யும் வடநாட்டானைவிட 26 பாகை வெக்கையில் நிற்கும் நமக்கு அது பதினாறு மடங்கு. இதைக் கழிப்பதற்கு, அதே ஐஎஸ்ஓவிலும் அதே நேர அளவிலும், அதே இரவின் வெக்கையில், மூடியிட்ட லென்ஸோடு 20 இருட்படங்கள் எடுக்கவேண்டும். வீட்டுக்குப் போய் விசிறியின் கீழ் எடுத்தவை உதவா. விடியற்காலையில் லென்ஸின் வாயில் வெள்ளைத் துணியை இழுத்துக்கட்டி, குவியத்தை மாற்றாமல், அதே எண்ணிக்கையில் சமவொளிப் படங்களும் எடுத்தால், ஓரத்து இருளும் தூசுப் புள்ளிகளும் பின்னர் நீங்கும்.

கணினியில் இவையனைத்தையும் சிரில் அல்லது டீப்ஸ்கைஸ்டாக்கர் என்னும் இலவச மென்பொருளிற் கொடுத்து ஒன்றாக்கி, நகரவொளியின் சாய்வை அகற்றி, இருண்ட பகுதிகளைப் படிப்படியாக உயர்த்துங்கள். இதில் ஆசை மிகுந்தவர்கள் பின்னணியைக் கரியாக்கி, திரளின் மெல்லிய வெளிவிளிம்பையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறார்கள். வானம் சற்றுச் சாம்பலாக இருக்கட்டும்.

கை பழகியபின் போகத்தக்க இலக்குகள் பல. சித்திரை நட்சத்திரத்துக்கும் அஸ்தத்துக்கும் இடையிலுள்ள சொம்பிரேரோத் திரள் ஏறத்தாழ எழுபது பாகை உயரம்வரை ஏறுகிறது. உத்தர நட்சத்திரத்துக்குக் கிழக்கே, நம் உச்சியையே ஏறத்தாழத் தொட்டுச்செல்லும் கன்னித் திரட்கொத்தில், ஒரே படத்துள் பத்துக்கு மேற்பட்ட திரள்கள் விழும். மாசி மாத முன்னிரவில், அகத்திய நட்சத்திரத்துக்குத் தெற்கே பெரிய மகெல்லன் முகில் பதினொன்று, பன்னிரண்டு பாகை உயரத்தில் நிற்கும்போது, 50 மில்லிமீற்றர் லென்ஸாலேயே அதைப் பிடிக்கலாம். தொடுவானப் புகைக்கு அஞ்சினால் புரட்டாசிப் பின்னிரவு இன்னொரு சந்தர்ப்பம்.

எடுத்த படங்களைத் தேதியிட்டுப் பாதுகாத்து, எம் 83, எம் 101 ஆகியவற்றை ஆண்டுதோறும் அதே லென்ஸால் எடுத்துப் பழையதோடு ஒப்பிடுங்கள். எம் 83இல் 1923 முதல் 1983 வரை ஆறு சூப்பர்நோவாக்கள் காணப்பட்டன; எம் 101இல் 2023 மே 19ஆந் தேதி தோன்றியதை முதலிற் கண்டவர் கொய்ச்சி இட்டகாக்கி என்னும் ஜப்பானிய ஆர்வலர். பழைய படத்திலில்லாத புள்ளி ஒன்று தென்பட்டால், அது சிறுகோளோ சென்சர்க் குறையோ என்றறிய ஒரு மணிநேரம் கழித்து மறுபடியும் எடுத்து, அது அசையாதிருந்தால், சர்வதேச வானியல் சங்கத்தின் பதிவேட்டில் அதே இரவில் வேறெவரேனும் அறிவித்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, ஆயங்களையும் நேரத்தையும் குறித்து அறிவித்துவிடுங்கள்.