கழிவுப்பாகிலிருந்து எரிபொருள்

பூமிக்கடியில் பெட்ரோலியம் உருவாகப் பல கோடி ஆண்டுகள் ஆயின. எடுக்க எடுக்க அது குறையும். 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் வழங்குவதைக் குறைத்தன; சில மாதங்களில் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. இதற்கு மாற்று உண்டா?

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. இத்தகைய ஆலைகளில் கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்தபின் மிஞ்சும் கரிய, கெட்டியான திரவமே கழிவுப்பாகு. அதில் இன்னும் கிட்டத்தட்டப் பாதி சர்க்கரை இருக்கிறது. நீரும் ஈஸ்ட்டும் சேர்த்தால் அது நொதித்து எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறும். எத்தனாலைக் காய்ச்சி வடித்து, எஞ்சிய நீரையும் நீக்கிப் பெட்ரோலில் கலக்கலாம். தானியங்களிலிருந்தும் எத்தனால் கிடைக்கிறது. 2025-இல் இந்தியாவில் இக்கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது.

அப்படியானால் எரிபொருளுக்கென்றே கரும்பு பயிரிடலாமே? கரும்பு ஏறத்தாழ ஓராண்டு நீர் கேட்கும் பயிர். தருமபுரியோ அடிக்கடி வறட்சிக்கு உள்ளாகும் மாவட்டம். வண்டி ஓடும், கிணறு வற்றும்! கழிவுப்பாகுக்குத் தனிப் பாசனம் வேண்டாம். ஆனால் அது கிடைக்கும் அளவு சிறிது. ஆகவே மாற்று எரிபொருளோடு சிக்கனமும் வேண்டும்.

கணக்கிடுங்கள்: ஒரு லிட்டர் எத்தனால் தரும் வெப்பம், ஒரு லிட்டர் பெட்ரோல் தருவதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. 80 லிட்டர் பெட்ரோலும் 20 லிட்டர் எத்தனாலும் எத்தனை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம்?

(விடை: சுமார் 93 லிட்டர்)