நிலப்படத்துக் காடும் நிலத்துக் காடும்

காட்டைக் குறிக்கும் சொற்கள் தமிழிற் பல. அடவி, கானம், புறவு, இறும்பு, பொழில், சோலை என நிகண்டு நூலார் அவற்றை அடுக்கிச் செல்வர். இவையெல்லாம் ஒரே பொருளுக்கு வந்த வெறும் அடுக்கு என்று கருதுதல் தவறு. முல்லை நிலத்துக் காடு புறவு, குறுங்காடு இறும்பு, மரஞ்செறிந்து வெயில் நுழையாது குளிர்ந்திருப்பது சோலை. நிலத்தை நடந்து அறிந்தோர் இட்ட பெயர்கள் இவை. இக்காலத்தில் இணையத்திற் காணும் நிலப்படங்களோ இவ்வனைத்துக்கும் ஒரே பச்சை வண்ணத்தைப் பூசிவிடுகின்றன. காடு காக்கும் தொழிலுக்கு அப்பச்சை எத்துணைப் பயன்படும், எவ்விடத்து மயக்கந் தரும் என்பதைப் பழனிமலையை முன்வைத்து ஆராயப் புகுகின்றோம். யாம் மரநூல் கற்றவரல்லேம், தமிழ் பயில்வோம். ஆயினும் அம்மயக்கம் ஒரு சொல்லைப் பற்றியதாதலின் எமக்கும் இதன்கண் சிறிது உரிமை உண்டு.

முதற்கண் இப்படங்கள் உருவாகும் முறையைக் கூறுவாம். அமெரிக்க நாட்டார் 1972ஆம் ஆண்டில் விண்ணிற் செலுத்திய லேண்ட்சாட் என்னும் செயற்கைக்கோளும் அதன் வழிவந்தனவும் அன்றுதொட்டு நிலவுலகைப் படமெடுத்து வருகின்றன. 2015ஆம் ஆண்டு முதல் ஐரோப்பியரின் சென்டினல்-2 கோள்களும் அப்பணியிற் சேர்ந்தன. இப்படங்கள் சிறு சிறு கட்டங்களால் ஆனவை. இன்றைய லேண்ட்சாட்டின் ஒரு கட்டம் நிலத்தில் 30 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. சென்டினலின் நுண்ணிய கட்டமோ 10 மீட்டரே. தழைத்த இலை செவ்வொளியை உட்கொண்டு, நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பொளியை மிகுதியாகத் திருப்பிவிடும் இயல்பினது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு அந்தந்தக் கட்டத்தின் பசுமையைக் கணிப்பொறி கணக்கிடுகின்றது. லேண்ட்சாட் படங்கள் யாவும் 2008ஆம் ஆண்டு முதல் விலையின்றிக் கிடைக்கலாயின. முன்னாளில் அரசாங்கங்களே பொருள் கொடுத்து வாங்கியவற்றை இன்று ஒரு மாணாக்கன் தன் கைப்பேசியில் விரித்துப் பார்க்கலாம். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் 2009இல் தொடங்கிய புவன் தளமும், 2014இல் தோன்றிய குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் தளமும் இவ்வசதியால் எளியோர்க்கும் பயன்படுவன.

இனிப் பழனிமலைக்கு வருவாம். வார்டு என்னும் ஆங்கிலப் படை அலுவலர் 1821இல் இம்மலையை அளந்தார். அமெரிக்க மிஷனரிமார் 1845இல் கோடைக்கானலில் தம் முதல் வீடுகளை அமைத்தனர். அவர்கள் கண்ட மேன்மலை பெரும்பாலும் புல்வெளியே. சரிவுகளிற் புல் விரிந்து கிடக்க, நீர் கசியும் மடிப்புகளில் மட்டும் சோலை செறிந்திருக்கும். இவ்வமைப்பு உலகில் அரிது. ஆதலின் மரநூலார் வேறு பெயர் காணாது நம் சோலை என்னும் சொல்லையே தம் நூல்களில் ஏற்றுக்கொண்டனர். தமிழ் பயில்வோர் மகிழத்தக்க செய்தி இது.

மகிழ்ச்சிக்கு மாறான செய்தியும் ஒன்றுண்டு. புல்வெளியைப் பயனற்ற வெற்று நிலம் என மதித்த முற்காலத்தார் அதன்கண் சீகை, கற்பூரம், பைன் முதலிய அயல்நாட்டு மரங்களை நட்டனர். ஆஸ்திரேலியச் சீகையின் பட்டை தோல் பதனிடுதற்கு வேண்டப்பட்டது. கற்பூரமரம் விறகுக்கும் ஆலைக்கும் உதவிற்று. நட்ட இடத்தோடு நில்லாமல் சீகை தானே பரவிற்று. செயற்கைக்கோட் படங்களை ஆண்டு வரிசைப்படி வைத்து ஆராய்ந்தோர், 1970களில் இருந்த புல்வெளியிற் பெரும்பகுதி அயல்மரத் தோப்பாகவும் விளைநிலமாகவும் மாறியிருத்தலைக் கண்டனர். ஐம்பதாண்டுப் படங்கள் சேர்த்து வைக்கப்பட்டிராவிடின் இவ்வுண்மையை அளவோடு நிறுவுதல் இயலாது. இணைய நிலப்படத்தின் தலையாய பயன் இதுவென யாம் கருதுகின்றோம்.

ஆனால் அதே மாற்றம் வேறொரு படத்தில் வளர்ச்சியாகத் தோன்றும். டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை நூற்றுக்குப் பத்துப் பங்கேனும் இருப்பின், மரம் யாதாயினும், நிலம் யாருடையதாயினும், அதனை வனப்பரப்பு எனக் கொள்ளும். உலகு தழுவிய மரப்பரப்புப் படமோ 5 மீட்டருக்கு மேல் உயர்ந்த மரங்களைக் கணக்கிடும். தோப்பையும் காட்டையும் வேறு பிரிக்காது. இவ்வரையறைகளை அந்நிறுவனத்தார் மறைத்தாரல்லர், வெளிப்படையாகவே எழுதியுள்ளனர். அவற்றைப் படியாமல் வண்ணத்தை மட்டும் பார்ப்போரே மயங்குகின்றனர். புல்வெளியைச் சீகை விழுங்கினால் படத்திற் பச்சை கூடும். அச்சீகையை வெட்டிப் புல்லை மீட்டாலோ, காடு அழிந்தது என்னும் குறியே அங்குத் தோன்றும். நோய் நீங்கினவனை நோயாளியென எழுதும் ஏட்டை என்னென்பது!

இம்மயக்கத்தால் இழக்கப்படுவது சிறிதன்று. மழைநீரை ஏந்தி மெல்ல மெல்லக் கசியவிடுவன இப்புல்லும் சோலையும். பழனிமலையின் தென்புறத்து ஓடைகள் வைகையையும் வடபுறத்தன அமராவதியையும் சேர்கின்றன. வரையாடு மேய்வதும் இத்தகைய புல்வெளியிலேயே. பன்னீராண்டுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சிச் செடி வளர்வதும் அங்குத்தான். ஒரு திணைக்கே பெயர் தந்த மலர் நிற்கும் நிலம், படத்திற் காடன்று என ஒதுக்கப்படுகின்றது.

இதற்குத் தீர்வு படத்தை ஒழித்தலன்று. பார்க்கும் பருவத்தை அறிந்து பார்த்தலாம். சனவரி முதல் மார்ச்சு வரை பனியாலும் வறட்சியாலும் மேன்மலைப் புல் பழுத்து நிறம் மாறும். சோலையும் சீகையும் பசுமை குன்றா. அக்காலத்துப் படத்தையும் மழைக்குப் பிந்திய படத்தையும் அருகருகே வைத்தால் புல்வெளி தானே பிரிந்து தோன்றும். சோலையையும் சீகையையும் பிரித்தறிவது அத்துணை எளிதன்று. அதற்கு வனத்துறையினர் இடங்காட்டுங் கருவியைக் கையிற்கொண்டு நேரிற் சென்று, இன்ன புள்ளியில் இன்ன மரம் எனக் குறித்துவரல் வேண்டும். மேலும், பழைய சீகைத் தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமே முளைத்து வருகின்றன. கவிகைக்குக் கீழ் உள்ளதைப் படம் காட்டாது. அதனை நம்பி முற்றும் வெட்டுவோர் பிறக்கும் சோலையையும் உடன்வெட்டுவர்.

காட்டுத்தீயைக் காட்டும் படங்களைப் பற்றியும் ஒரு சொல். வெப்பத்தை உணரும் கோள்கள் தீப்புள்ளிகளைக் கண்டவுடன் வனத்துறையினர்க்குக் கைப்பேசி வழியே செய்தி செல்கின்றது. அக்கோள்களுள் ஒன்று ஓரிடத்தின் மேல் பொதுவாக நாளொன்றுக்கு இருமுறையே செல்லும். கோடைக்கானலுக்குத் தென்மேற்கே, தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் 2018 மார்ச்சு 11ஆம் நாள் மூண்ட தீ, மலையேறச் சென்றோரை வளைத்து இருபதின்மருக்கு மேற்பட்டோர் உயிரைக் கவர்ந்தது. சரிவிற் காய்ந்த புல்லில் ஏறும் தீ அடுத்த கோளின் வரவை எதிர்நோக்கி நிற்பதில்லை. எவ்விடத்துப் புல் காய்ந்துள்ளது, எவ்வழியே மக்கள் செல்கின்றனர் என்பவற்றை ஒரே படத்தின்மேல் முன்னரே அடுக்கி வைத்துப் பாதையை அடைப்பதே அங்குப் பயன்தருவது.

பெயர்களும் அவ்வாறு அடுக்கி வைக்கத்தக்கனவே. மேற்கு மலைத்தொடரில் மதிகெட்டான் சோலை, பாம்பாடும் சோலை என்னும் இடங்கள் உள. உட்புகுந்தோன் வழி தெரியாது மதி மயங்குவான் என்னும் எச்சரிக்கை முதற்பெயரிலேயே அடங்கியுள்ளது. (இடங்காட்டுங் கருவி கொண்டு செல்வோர்க்கு அப்பெயர் இனிப் பொருந்தாது போலும்.) பழனிமலையில் வாழும் பளியர் ஒவ்வோர் ஓடைக்கும் பாறைக்கும் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதிப் படத்திற் சேர்ப்பின், எவ்விடத்தே முன்னர்ப் புல் இருந்தது, எவ்விடத்தே நீர் வற்றாதிருந்தது என்பவற்றை அப்பெயர்களே பலவிடத்தும் காட்டும். தமிழ் பயிலும் மாணாக்கர் விடுமுறையிற் செய்தற்குரிய பணி இது. மரநூலார்க்கு நேரமில்லை, நமக்கு உண்டு.

கோடைக்கானலிற் குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது. சென்டினல்-2 கோள்கள் மேலிருந்து கண்ட முதற் பூப்பு 2018ஆம் ஆண்டினது. அப்படங்கள் இணையத்தில் எவரும் எடுத்துப் பார்க்கும்படி உள்ளன. அடுத்தது 2030. அதற்குள் எச்சரிவிற் சீகை நீங்கியது, எச்சரிவிற் புகுந்தது என்று அவற்றோடு ஒப்பிட்டு எழுதிக்கொண்டே வரலாம்.