குருதி தரும் காப்பு

பெற்றோரிடமிருந்து மக்கள் பெறும் செல்வங்கள் பல. வீடும் நிலமும் சிலருக்குக் கிடைக்கும், சிலருக்குக் கிடையா. ஆயின், செல்வர் வறியர் என்னும் வேறுபாடின்றி எல்லாக் குழந்தைகளும் பெறும் உடைமை ஒன்று உண்டு. அதுவே உடலின் மரபு. முகத்தின் சாயல், கண்ணின் நிறம், முடியின் சுருள் ஆகியவை புறத்தே தெரிவன. புறத்தே தெரியாமல் குருதிக்குள் அமைந்து வருவனவும் உள்ளன. அவற்றுள் ஒன்று ஆப்பிரிக்கக் கண்டத்தில் எண்ணற்ற குழந்தைகளை மலேரியாவின் பிடியிலிருந்து காத்து வந்துள்ளது. அதே மரபு வேறு குழந்தைகளுக்குப் பெருந்துன்பமும் தந்துள்ளது. காப்பும் கேடுமாகிய அவ்வியல்பைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

நம் குருதிக்குச் செந்நிறம் தருவன சிவப்பணுக்கள். அவை வட்டமாகவும் நடுவில் சற்றுக் குழிந்தும் இருக்கும். அவற்றுள் நிறைந்துள்ள ஈமோகுளோபின் என்னும் பொருளே பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்கிறது. அனோபிலிஸ் கொசு கடிக்கும்பொழுது மலேரியாக் கிருமி நம் உடலுள் புகுகிறது. கொசுவின் வயிற்றில் அக்கிருமி வளர்வதை 1897ஆம் ஆண்டில் நம் நாட்டுச் செகந்திராபாத்தில் கண்டறிந்தவர் ரொனால்டு ராஸ். உடலுள் புகுந்த கிருமி முதலில் கல்லீரலில் பெருகும். பின்பு சிவப்பணுக்களுள் நுழையும். அங்குள்ள ஈமோகுளோபினை உண்டு வளர்ந்து, அணுக்களை வெடித்துக்கொண்டு வெளிவரும். நோயாளியைக் குளிரும் காய்ச்சலும் மாறி மாறி வருத்துவது இதனாலேயே.

இந்நோயின் கொடுமைக்கு மிகுதியும் ஆளாவோர் சிறு குழந்தைகள். பிறந்த சில மாதங்கள்வரை தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் குழந்தையைக் காக்கும். அது குறைந்த பின்னர், தனக்கென எதிர்ப்பாற்றல் வளரும்வரை உள்ள காலமே ஆபத்தான காலம். மலேரியா மிக்க நாடுகளில் அவ்விடைக்காலத்தைக் கடப்பது குழந்தைகளுக்கு எளிய செயலன்று.

இனி, குருதியின் மரபுக்கு வருவோம். 1910ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஜேம்ஸ் ஹெரிக் என்னும் மருத்துவர் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார். கிரெனடாத் தீவிலிருந்து கல்வி கற்க வந்த ஓர் இளைஞரின் குருதியை அவர் சோதித்திருந்தார். அதில் பல சிவப்பணுக்கள் வட்டமாக இராமல், கதிர் அறுக்கும் அரிவாளைப்போல் வளைந்து காணப்பட்டன. இந்நோயே பின்னர் அரிவாளணு நோய் எனப் பெயர் பெற்றது. ஈமோகுளோபினின் ஒரு சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றே ஒன்று மாறியிருப்பதுதான் இந்நோய்க்குக் காரணம் என்று 1957ஆம் ஆண்டில் வெர்னான் இங்கிராம் என்னும் அறிஞர் காட்டினார். அச்சிறு மாற்றத்தால், பிராணவாயு குறையும்பொழுது ஈமோகுளோபின் இழைகளாக உறைந்து அணுவை வளைத்துவிடுகிறது. வளைந்த அணுக்கள் நுண்ணிய குருதிக் குழாய்களை அடைத்துக் கடும் வலியை உண்டாக்கும். விரைவில் அழிந்து சோகையையும் விளைக்கும்.

ஒவ்வொரு குழந்தையும் இதற்குரிய மரபுக் காரணிகளுள் ஒன்றைத் தந்தையிடமிருந்தும் ஒன்றைத் தாயிடமிருந்தும் பெறுகிறது. இரண்டும் மாறியவையாயின் குழந்தைக்கு நோய் உண்டாகும். ஒன்று மட்டும் மாறியதாயின், அக்குழந்தை பெரும்பாலும் நலமாகவே வாழும். அத்தகையோரை அரிவாளணு இயல்பு உடையோர் என்பர்.

இங்கே ஒரு வினா எழுகிறது. இரு மாறிய காரணிகளைப் பெற்ற குழந்தைகள் முற்காலத்தில் பெரும்பாலும் இளமையிலேயே இறந்தனர். அவ்வாறு இறந்த ஒவ்வொரு குழந்தையோடும் இரண்டு மாறிய காரணிகளும் மறைந்தன. தலைமுறை பல கடந்தால் அக்காரணி அரிதாகிவிட வேண்டுமன்றோ? ஆயின், ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் அஃது அரிதாகவில்லை. ஏன்?

இவ்வினாவுக்கு விடை கண்டவர் அந்தோணி அல்லிசன். தென்னாப்பிரிக்காவில் 1925இல் பிறந்து, கென்யாவில் வளர்ந்தவர் அவர். ஆக்ஸ்போர்டில் மருத்துவம் பயிலும்பொழுது, 1949ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் குழுவுடன் கென்யாவுக்குச் சென்றார். பல இன மக்களின் குருதியையும் சோதித்தார். கடற்கரையை ஒட்டியும் விக்டோரியா ஏரியை ஒட்டியும் வாழ்ந்த மக்களுள் நூற்றுக்கு இருபதின்மர்க்கு மேல் அரிவாளணு இயல்பு உடையவராக இருந்தனர். அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உயர்ந்த மேட்டு நிலத்திலோ நூற்றுக்கு ஒருவரும் இல்லை. கடற்கரையிலும் ஏரிக்கரையிலும் கொசுக்கள் மிகுதி. குளிர்ந்த மேட்டு நிலத்தில் குறைவு. மலேரியா மிக்க இடத்தில் இவ்வியல்பும் மிகுந்துள்ளது என்பதை அவ்விளைஞர் உணர்ந்தார்.

ஆனால், இரண்டும் ஓரிடத்தில் இருப்பதனாலேயே ஒன்று மற்றொன்றைத் தடுக்கிறது என்று முடிவு கட்டலாகாது. அதனை மெய்ப்பிக்கச் சான்று வேண்டும். மருத்துவப் படிப்பை முடித்த பின்னர், 1953ஆம் ஆண்டில் அல்லிசன் மீண்டும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றார். உகாண்டாவின் கம்பாலா நகரைச் சூழ்ந்த பகுதியில் வாழ்ந்த 290 குழந்தைகளின் குருதியைச் சோதித்தார். பெரியவர்கள் பலமுறை நோயுற்று எதிர்ப்பாற்றல் பெற்றிருப்பர். ஆகவே, குழந்தைகளிடம்தான் குருதி மரபின் ஆற்றல் தெளிவாகப் புலப்படும் என்பது அவர் கருத்து. அரிவாளணு இயல்பு இல்லாத 247 குழந்தைகளுள் 113 பேரின் குருதியில் மலேரியாக் கிருமி இருந்தது. அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 46 பேர். அவ்வியல்பு உடைய 43 குழந்தைகளுள் 12 பேரிடம் மட்டுமே கிருமி இருந்தது. அதாவது நூற்றுக்கு 28 பேர். அவர்களிடமும் கிருமிகளின் தொகை குறைவாகவே இருந்தது. 1954ஆம் ஆண்டில் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். தொடக்கத்தில் ஐயுற்றோர் பலர். பின்னர் வெவ்வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் அவர் கூற்றை உறுதிப்படுத்தின.

குருதி மரபு மலேரியாவைத் தடுக்கக்கூடும் என்னும் கருத்தை அவருக்கு முன்பே வேறொரு நோயைப் பற்றி உரைத்தவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். மத்தியதரைக் கடல் நாடுகளில் காணப்படும் தலசீமியா என்னும் குருதி நோயைப் பற்றி அவர் 1949ஆம் ஆண்டில் அவ்வாறு எழுதினார். அவ்வறிஞர் 1957இல் இந்தியாவுக்கு வந்து குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார்.

இக்காப்பு எவ்வாறு அமைகிறது? கிருமி புகுந்த சிவப்பணுவில் பிராணவாயு குறைகிறது. அரிவாளணு இயல்பு உடையவரின் அணுவாயின், அது வளைந்துவிடும். வளைந்த அணுவை மண்ணீரல் இனங்கண்டு, கிருமியோடு சேர்த்து அழித்துவிடும். எஞ்சிய அணுக்களிலும் கிருமி நன்கு வளர இயலாது. ஆகவே, இவ்வியல்பு உடைய குழந்தைக்கும் காய்ச்சல் வரலாம். ஆயின், மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கும் கடுமையான நிலை மிகவும் அரிது. எனினும் கொசுவலையும் மருந்தும் அக்குழந்தைக்கும் வேண்டும்.

இக்காப்புக்கு விலை ஒன்று உண்டு. இவ்வியல்பு உடைய ஆணும் பெண்ணும் மணந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இயல்பை மட்டும் பெறும் வாய்ப்பு நான்கில் இரண்டு. இரண்டும் இல்லாதிருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மாறிய காரணி இரண்டைப் பெற்ற குழந்தைக்கு இரு மடங்கு காப்புக் கிட்டும் என்று எண்ணற்க. அத்தகைய குழந்தைக்கு மலேரியா வந்தால், சோகை மிகுந்து உயிருக்கே இறுதி நேரக்கூடும். ஒரு வீட்டிலே அண்ணனைக் காத்த மரபே தங்கையை வருத்துவதும் உண்டு. இதில் பெற்றோரின் குற்றம் யாதும் இல்லை.

மலேரியா இல்லாத நாட்டில் இக்காப்பினால் பயனில்லை. விலை மட்டுமே எஞ்சும். அடிமைகளாக அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்களிடம் இதனை இன்றும் காண்கிறோம். ஆதலின், ஒரு மரபு நல்லதோ தீயதோ என்பது அது வாழும் இடத்தையும் பொறுத்தது என்பது விளங்கும்.

இவ்வியல்பு நமக்குத் தொலைவில் உள்ளதன்று. நீலகிரி மலையில் வாழும் பழங்குடி மக்களிடமும் இஃது உண்டு என்பதை 1952ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இந்தியாவின் பிற பகுதிகளில் வாழும் பழங்குடியினர் பலரிடமும் இது காணப்படுகிறது. 2023ஆம் ஆண்டில் இந்திய அரசு அரிவாளணுச் சோகையை ஒழிப்பதற்கெனத் தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. இளமையிலேயே நோயைக் கண்டறிந்து, தொற்று நேராமல் காத்து, உரிய மருந்தும் கொடுத்தால் குழந்தைகள் நெடுநாள் வாழலாம். தம் குருதியின் இயல்பை அறிந்த இளைஞர்கள், வருங்கால மக்களின் நலத்தை எண்ணி முடிவு செய்யவும் இயலும்.

மாணவர்களே! நோயுற்ற குழந்தையைக் கண்டு, முன்னோர் செய்த தீவினை என்று பேசுவோர் உண்டு. அக்குழந்தையின் முன்னோரைக் கொடிய காய்ச்சலிலிருந்து காத்த மரபே அதன் குருதியில் ஓடுகிறது என்பதை நீங்கள் இப்பொழுது அறிவீர்கள். அறிந்தவர் கடமை, பழி கூறுவோரைத் திருத்துவதும், வருந்துவோர்க்குத் துணை நிற்பதும் ஆகும். ஒரு துளிக் குருதியைச் சோதிக்க நாணவோ அஞ்சவோ வேண்டுவதில்லை என்பதை அனைவர்க்கும் எடுத்துரைப்போமாக.