லேபிஸ் லசூலி: நிறமும் தரமும் அறியும் முறை

(பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு)

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புவது வெகுளித்தனம். அதுபோலவே நீலமாய் இருப்பதெல்லாம் நீலமணி ஆகிவிடாது. நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆழ்ந்த நீல நிறத்தில், பொற்பொடி தூவினாற்போல் ஒரு கல் இருக்கிறது. "லேபிஸ் லசூலி" என்கிறார் கடைக்காரர். "பொன் புள்ளி தெரிகிறது பாருங்கள், அசல் கல்" என்றும் சொல்கிறார். வாங்க வந்தவரிடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இருக்கிறது. கல்லைப் பற்றிய அறிவு இல்லை. அவர் பணம் உண்மையான கல்லுக்குப் போகிறதா, சாயம் ஏற்றிய வெள்ளைக் கல்லுக்குப் போகிறதா? வகுப்பில் நாம் படிக்கும் வேதியியலும் இயற்பியலும் இக்கேள்விக்கு விடை சொல்லும். பொன் புள்ளி ஒன்றே போதும் என்ற நம்பிக்கை சரிதானா என்பதையும் அவை காட்டிவிடும்.

கல்லின் தாயகம்

ஆப்கானிஸ்தானத்தின் வடகிழக்கில் பதக்‌ஷான் என்னும் மலைப்பகுதி உள்ளது. அங்கே கோக்சா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் சர்-இ-சங் சுரங்கங்களே உலகின் மிகச் சிறந்த லேபிஸ் கல்லின் பிறப்பிடம். ஏறத்தாழ 6,000 ஆண்டுகளாக அங்கிருந்து இக்கல் வெளியே சென்றுகொண்டிருக்கிறது. மெசபொடேமியாவின் ஊர் நகரத்து அரச கல்லறைகளில் இக்கல் மணிகள் கிடைத்தன. 1922இல் கண்டெடுக்கப்பட்ட எகிப்திய மன்னன் தூத்தங்காமனின் கல்லறையில் இருந்த பொன் முகமூடியில் புருவங்களும் கண்ணோரக் கோடுகளும் இக்கல்லால் ஆனவை. சிந்துவெளி மக்கள் இந்தச் சுரங்கங்களை நோக்கியே வடக்கே ஷோர்டுகாய் என்னுமிடத்தில் ஒரு வணிகக் குடியிருப்பை அமைத்திருந்தனர் என்பது ஆய்வாளர் கருத்து. சிலி நாட்டிலும், ரஷ்யாவின் பைக்கால் ஏரிப் பகுதியிலும் இக்கல் கிடைக்கிறது. சிலி நாட்டுக் கல்லில் பெரும்பாலும் வெண்மை மிகுதி.

வடமொழி நூல்கள் இக்கல்லை ராஜாவர்த்தம் என்று குறிக்கும். நவரத்தினங்களில் உள்ள நீலம் வேறு. அது ஒளி ஊடுருவும் படிகக் கல். லேபிஸ் ஒளி ஊடுருவாத பாறை. இவ்வேறுபாட்டை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்று கனிமங்களின் கூட்டு

லேபிஸ் ஒரே கனிமம் அன்று. பல கனிமங்கள் சேர்ந்த பாறை. அவற்றுள் மூன்று முக்கியமானவை. நீலத்தைத் தருவது லாசுரைட். வெள்ளைத் திட்டுகளாகவும் கோடுகளாகவும் தெரிவது கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட். பொன் போல் மின்னுவது பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த சேர்மம். ஆகவே கடைக்காரர் காட்டும் "பொன்" பொன்னே அன்று.

இம்மூன்றின் விகிதமே கல்லின் தரத்தை முடிவு செய்கிறது. லாசுரைட் மிகுந்தால் மதிப்பு கூடும். கால்சைட் மிகுந்தால் குறையும்.

மஞ்சள் கந்தகம் தந்த நீலம்

இக்கல்லின் நிறத்துக்கான காரணம் வியப்பானது. நீல மணிக்கல்லில் இரும்பும் டைட்டானியமும் நிறம் தருகின்றன. மயில்துத்தத்தில் தாமிரம் நிறம் தருகிறது. லாசுரைட்டில் நிறம் தருவது எந்த உலோகமும் அன்று. நாம் மஞ்சளாகவே அறிந்த கந்தகம்! சோடியம், அலுமினியம், சிலிக்கன், ஆக்சிஜன் ஆகியவற்றாலான கூண்டு போன்ற அமைப்புக்குள் மூன்று கந்தக அணுக்கள் சேர்ந்து, ஓர் எலெக்ட்ரானைக் கூடுதலாகப் பெற்று, எதிர்மின் அயனியாக அடைபட்டிருக்கின்றன. இந்த அயனி 600 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஆரஞ்சு நிற ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சிய ஒளி நம் கண்ணுக்கு நீலமாகப் படுகிறது. இரண்டு கந்தக அணுக்கள் கொண்ட அயனிகள் மிகுந்தால் நிறம் பச்சையை நோக்கிச் சாய்கிறது.

இந்தக் கல்லைப் பொடித்துத்தான் ஐரோப்பிய ஓவியர்கள் அல்ட்ராமரீன் என்னும் விலையுயர்ந்த வண்ணம் செய்தனர். பிரான்சு நாட்டின் கிமே என்பவர் அதைச் செயற்கையாகச் செய்யும் முறைக்காக 1828இல் 6,000 பிராங்கு பரிசு பெற்றார். களிமண், சோடா, கந்தகம், கரி ஆகிய மலிவான பொருள்களே அதற்குப் போதும். வெள்ளை வேட்டிக்கு இடும் நீலப்பொடியாக நெடுங்காலம் வீடுகளில் பயன்பட்டதும் இந்தச் செயற்கை அல்ட்ராமரீனே.

தரம் காணும் முறை

பதக்‌ஷானில் கல்லை நிறத்தால் மூன்றாகப் பிரிப்பர். நீலி என்பது ஆழ்ந்த நீலம். ஆஸ்மானி என்பது வான நீலம். சப்சி என்பது பச்சை கலந்தது. இவற்றுள் நீலியே உயர்ந்தது. சிறிதளவு ஊதா சாயலுடன், செறிவு மிக்கதாய், கறுத்துப் போகாததாய், கல் முழுவதும் ஒரே சீராய் இருக்கும் நீலமே முதல் தரம்.

இதைக் காணச் சில வழிகள் உண்டு. கல்லைக் கடையின் விளக்கொளியில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மஞ்சள் விளக்கில் நீலக் கதிர்கள் குறைவாதலால் கல் கறுத்துத் தெரியும். நீல விளக்கில் வெளிறிய கல்லும் செறிந்து தெரியும். வாசலுக்குக் கொண்டுவந்து, பகலொளியில், வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அடுத்து, கல்லைச் சாய்த்து அதன் மெருகைக் காண வேண்டும். மெருகு ஒரே சீராக இருந்தால் கல் நெருக்கமான துகள்களால் ஆனது. சொரசொரப்பான குழிகள் தெரிந்தால் கால்சைட் மிகுதி என்று கொள்ளலாம். ஏனெனில் மோ அளவுகோலில் லாசுரைட்டின் கடினத்தன்மை 5 முதல் 5.5 வரை, கால்சைட்டுக்கு 3 மட்டுமே. இரண்டும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. பைரைட் மெல்லிய தூவலாக இருந்தால் அழகு; கொத்துக் கொத்தாக இருந்தால் குறை.

போலிகள்

சாயம் ஏற்றிய ஹவ்லைட், மாக்னசைட் ஆகிய வெள்ளைக் கற்கள் சந்தையில் உண்டு. "ஜெர்மன் லேபிஸ்" என்ற பெயரில் விற்பது பிரஷ்ய நீலம் ஏற்றிய ஜாஸ்பர் கல். பெர்ரிக் உப்புக்கு நாம் ஆய்வுக்கூடத்தில் பொட்டாசியம் பெர்ரோசயனைடு சேர்த்துக் காணும் அதே நீலம்தான் அது! சோடலைட் இயற்கையான கல்லே. ஆனால் லேபிஸ் அன்று. அதில் பைரைட் அரிது.

மிகவும் ஏமாற்றுவது பிரான்சு நாட்டின் கில்சன் நிறுவனம் 1970களில் செய்த செயற்கைக் கல். அதில் நிறத்துக்குச் செயற்கை அல்ட்ராமரீனும், மின்னுவதற்கு உண்மையான பைரைட்டின் பொடியும் சேர்த்தனர். ஆகவே பொன் புள்ளி அசலுக்குச் சான்று என்ற நம்பிக்கை இங்கே உடைந்து போகிறது. இயற்கைக் கல்லில் பைரைட் ஒழுங்கற்ற வடிவில், ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் இருக்கும். செய்த கல்லில் கூரிய விளிம்புள்ள துண்டுகள் எங்கும் சமமாகப் பரவியிருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் இது நன்கு தெரியும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. வெள்ளைத் திட்டு விலையைக் குறைக்கும். ஆனால் கல் இயற்கையானது என்பதை எண்ணிப் பார்க்கச் செய்யும். மலிவான விலையில் மாசுமறுவற்ற நீலம் கிடைத்தால் அங்கேதான் ஐயம் கொள்ள வேண்டும். தரம் வேறு, உண்மை வேறு. முதலில் உண்மையை அறிந்து, பிறகே தரத்தைக் காண வேண்டும்.

சோதனைகள்

மணிமாலையாயின் துளையின் உட்புறத்தைப் பார்க்கலாம். சாயம் உள்வரை செல்லாத வெள்ளைக் கல் அங்கே தன்னைக் காட்டிக்கொடுக்கும். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் மறைவான இடத்தில் துடைத்தால், பல சாயங்கள் பஞ்சில் ஒட்டும். மேலே மெழுகு பூசியிருந்தால் சாயம் வராமலும் போகலாம். எனவே பஞ்சு வெள்ளையாய் இருப்பது முழுச் சான்று ஆகாது.

பதிக்காத கல்லாயின் ஒப்படர்த்தியை அளப்பது சிறந்தது. கல்லுக்குக் கேடும் இல்லை. நம் கல்லூரித் தராசே போதும். காற்றில் 10.8 கிராம் எடையுள்ள கல், நீரில் 6.9 கிராம் எடை காட்டுகிறது என்று கொள்வோம். எடை இழப்பு 3.9 கிராம். 10.8ஐ 3.9ஆல் வகுக்க 2.77 வரும். நல்ல லேபிஸ் பெரும்பாலும் 2.7 முதல் 2.9 வரை இருக்கும். சோடலைட் ஏறத்தாழ 2.25, ஹவ்லைட் 2.6க்குள் அடங்கும், கில்சன் கல்லும் 2.5ஐ ஒட்டியே நிற்கும்.

அமிலச் சோதனையும் உண்டு. ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் கால்சைட் நுரைக்கும். லாசுரைட் சிதைந்து ஹைட்ரஜன் சல்பைடு வாடை வீசும். கிப் உபகரணத்தருகே நின்றவர்க்கு அவ்வாடை புதிதன்று. ஆனால் இச்சோதனை கல்லைக் கெடுத்துவிடும். அல்ட்ராமரீன் கலந்த போலியும் அதே வாடையைத் தரும். ஆகவே நகையில் இதைச் செய்யலாகாது.

இதே காரணத்தால் லேபிஸ் நகையைப் புளி, எலுமிச்சை போட்டுத் துலக்கக் கூடாது. வெள்ளி பளபளக்கும், கல்லின் மெருகு போய்விடும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

முடிவுரை

ஒரே ஓர் அடையாளத்தைக் கொண்டு இக்கல்லைத் தீர்ப்பிடுவது தவறு. பொன் புள்ளியைப் போலியும் காட்டும்; அமில வாடையைப் போலியும் தரும். நிறம், மெருகு, பைரைட்டின் அமைப்பு, துளையின் உட்புறம், ஒப்படர்த்தி ஆகிய ஐந்தும் ஒரே விடையைச் சொன்னால் நம்பலாம். ஒன்று மாறினாலும் மீண்டும் ஆராய வேண்டும். விலை மிக்க கல்லாயின் இரத்தினப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்பதும், "இயற்கையானது, சாயம் ஏற்றாதது" என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குவதும் வாங்குபவரின் உரிமை. அதைக் கேட்கும் துணிவு, கேட்பவர் எதைக் கேட்கிறோம் என்று அறிந்திருக்கும்போது தானாக வரும். நாம் கற்கும் அறிவியல் தேர்வுத் தாளோடு நின்றுவிடாமல், ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காக்கவும் பயன்படுமானால், அதுவே கற்றதன் பயன்.